ஈர மூலையில் அலங்காரக் கோரை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குதல்

மேல்தொட்டி வழிந்து சொட்டும் இடம், துவைக்கிற கல்லைச் சுற்றிய சகதி, ஏ.சி. குழாய் ஒழுகும் மூலை, மாடி மழைநீர் வந்து தேங்கும் பள்ளம். மற்ற செடிகளின் வேர் அழுகிப்போகும் இந்த இடங்கள்தான் கோரை இனத்துக்குச் சொந்த வீடு. ஆனால் "தண்ணீர்ச் செடிதானே, தண்ணீர் இருந்தால் போதும்" என்று விட்டுவிடுவதால்தான் பாதிக் கோளாறுகள் வருகின்றன. எவ்வளவு தண்ணீர், என்ன தண்ணீர், தூருக்கு எவ்வளவு மேலே என்ற மூன்றுக்கும் இந்தச் செடிகளிடம் திட்டமான பதில் உண்டு.

நம் ஊர் நர்சரிகளில் கிடைப்பவை ஐந்தாறு வகைதான். "அம்ப்ரெல்லா பாம்" என்று விற்கிற குடைக்கோரை 1 முதல் 1.5 மீட்டர் வரை வளரும். தூருக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் போதும், வெறும் ஈர மண்ணிலும் வளரும். பேப்பிரஸ் 2 மீட்டரை எளிதில் தாண்டும். நன்றாகத் தூர் கட்டிய பிறகு 15 செ.மீ. ஆழம் தாங்கும். முக்கால் மீட்டருக்குள் அடங்கும் குட்டை பேப்பிரஸுக்கு 0 முதல் 5 செ.மீ. போதும். இலையே இல்லாமல் கணுக்கணுவாக நிற்கும் ஹார்ஸ்டெயில் கோரை இனமே அல்ல, பெரணிகளின் உறவு. அதற்கும் 5 செ.மீ. போதும். ஏரிகளில் பழுப்புக் கதிரோடு நிற்கிற சம்பு 30 செ.மீ. ஆழத்திலும் நிற்கும். கடைசியாக, கம்பிச்சுருள் போலத் தண்டு முறுக்கிய ஜன்கஸ். அதன் கதை தனி, கடைசியில் வருகிறது.

எதையும் செய்வதற்கு முன் மூன்று சோதனை

முதலாவது, குருத்தைப் பாருங்கள். கோரையில் ஒவ்வொரு தண்டும் ஒருமுறை வளர்ந்து, சில மாதம் நின்று, பழுத்துக் காய்ந்துவிடும். வெட்டிய தண்டு மறுபடி துளிர்ப்பதில்லை. புதுத் தண்டு வேர்க்கிழங்கிலிருந்துதான் வரும். ஆகவே முற்றிய தண்டு காய்வது வியாதி அல்ல. இந்த மாதம் வந்த குருத்து பச்சையாக, நேராக, போன மாதக் குருத்தின் பருமனில் இருக்கிறதா? இருந்தால் செடி நலம். காய்ந்ததை அரிந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். குருத்தே கோளாறாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் மட்டம். ஒரு குச்சியைத் தூரின் ஓரமாக விட்டு, தூர் மண்ணுக்கு மேல் எத்தனை செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்று அளந்து, மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, தண்ணீரின் உப்பு. டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு; அதை அளக்கும் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். தொட்டிக்குள் நிற்கிற தண்ணீரையும் அளக்க வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் பல வீடுகளில் நோயே.

நுனி பழுத்து, கருகி, கீழ்நோக்கி இறங்குகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். எங்கே, எப்போது, எந்தத் தண்டில் என்று பார்த்தால் காரணம் பிரிந்துவிடும்.

குடையின் விரல்கள் (தண்டின் உச்சியில் சுற்றிலும் விரியும் இலைகள்) எல்லாம் ஒரே அளவாக நுனி கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது உப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லிட்டர் தொட்டி. போர் தண்ணீர் 1000 டி.டி.எஸ்.; அதாவது தொட்டியில் 40 கிராம் உப்பு. கத்திரி வெயிலில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கும். நீங்கள் தினமும் 2 லிட்டர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்கிறீர்கள். 20 நாளில் 40 லிட்டர் ஊற்றியிருப்பீர்கள், கூடவே இன்னொரு 40 கிராம் உப்பையும். தண்ணீர் மட்டம் அதேதான்; தொட்டியின் டி.டி.எஸ். மட்டும் 2000 பக்கம் போய்விட்டது. "தினமும் தண்ணீர் விடுகிறேனே, ஏன் கருகுகிறது?" என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தினமும் விடுகிற தண்ணீரில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்துவிடுங்கள். மண் மேல் புதுத் தண்ணீரை மெதுவாக விட்டு, ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி இறையுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் மண்ணில் தங்கிய உப்பு பெரும்பாலும் இறங்கிவிடும். விளிம்புப் பொருக்கைத் தேங்காய் நாரால் தேய்த்து வெளியே எடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள். அதன் பிறகு பங்குனி முதல் ஆனி வரை 10 நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இறைத்த தண்ணீர் வீணல்ல, தென்னைக்குப் போகட்டும்.

தொட்டிக்குள் 500-க்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிய கவலையே வேண்டாம். 1000 தாண்டினால் பேப்பிரஸும் குட்டை பேப்பிரஸும் முதலில் முகம் சுளிக்கும், பிறகு குடைக்கோரை. 2000-க்கு மேல் நின்று பிடிப்பது சம்புதான். கிணறு, போர் எல்லாமே உவர்ப்பாக இருக்கும் கடலோர வீடுகளில் ஏ.சி. தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது, உப்பு ஏறக்குறைய இல்லை. 1600 டி.டி.எஸ். போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 800-க்கு இறங்கிவிடும். இதற்கு நேர் எதிரானது ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர். நீங்கள் குடிக்காமல் ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. "வீணாகிறதே" என்று அதன் குழாயைக் கோரைப் பாத்திக்குத் திருப்பிவிடுவது நுனி கருகுவதற்கு நீங்களே போடுகிற வழி.

வெயில் படுகிற மேற்குப் பக்க விரல்கள் மட்டும் கருகி, கிழக்குப் பக்கம் பச்சையாக இருந்தால் அது உப்பல்ல. மேற்குச் சுவரின் அனலும் காற்றும். தொட்டியைச் சுவரை விட்டு அரை மீட்டர் தள்ளுங்கள், அல்லது பிற்பகலுக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

ஒரு தடவை தண்ணீர் வற்றி மறுபடி ஊற்றிய தொட்டியில் நடுத்தர வயதுத் தண்டுகள் மட்டும் கருகி, குருத்து தப்பித்திருக்கும். ஊருக்குப் போய் வந்த வீடுகளில் பார்க்கலாம். சிகிச்சை தேவையில்லை. கருகிய தண்டை அடியோடு எடுத்துவிடுங்கள். நுனியை மட்டும் கத்தரித்து அழகுபடுத்தினால் வெட்டின இடம் மறுபடி பழுப்பாகும், அவ்வளவே.

ஹார்ஸ்டெயிலில் நுனி கறுப்பது பெரும்பாலும் வறட்சிதான். இலை இல்லாததால் அது வாடிக் காட்டாது. நேராக நின்றபடியே காய்ந்துவிடும். மண் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

செடி முழுதும் வெளிர்கிறது, மஞ்சளாகிறது

முற்றிய தண்டு முதலில் மஞ்சளாகி, குருத்து பச்சையாகவே சிறுத்து வந்தால் தழைச்சத்துப் பசி. தொட்டி ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் வேர் சுற்றிக்கொண்டிருந்தாலும் இதே தோற்றம்தான். கத்தியை மண்ணில் குத்திப் பாருங்கள். இறங்க மறுத்தால் அங்கே மண்ணே மிச்சமில்லை, வேர்தான். பிரித்து நடுவதைத் தவிர வழி இல்லை.

வேர் நெருக்கம் இல்லையென்றால் உரம். ஆனால் தண்ணீரில் தூவக் கூடாது. தாமரை வளர்ப்பவர்கள் செய்கிற மாதிரி, 17:17:17 உரத்தை 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், செய்தித்தாள் துண்டில் இறுக மடித்து, தூருக்குச் சற்றுத் தள்ளி 10 செ.மீ. ஆழத்தில் விரலால் அழுத்தி, மேலே மண்ணை மூடுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு பொட்டலம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாக இருக்கும்போது வேண்டாம்.

இதற்குத் தலைகீழாக, பழைய தண்டு பச்சையாக இருக்க, புதுக் குருத்து எலுமிச்சை நிறத்தில் வெளிறி வந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. காரத்தன்மை உள்ள தண்ணீரில் செடியால் அதை எடுக்க முடியவில்லை. புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் இது நிச்சயம் வரும். சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச்.சை, அதாவது தண்ணீரின் கார அளவை, ஏற்றிவிடும். செடி வைக்கும் முன் தொட்டியை நிரப்பி ஒரு வாரம் வைத்து வடிப்பதை மூன்று முறை செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் இப்போது செடியைத் தூக்கி வாளியில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். அவசரத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலையில் குருத்து நனையத் தெளிக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இருமுறை. கடையில் செலேட் இரும்பு (செடி எடுக்கக்கூடிய வடிவில் பிணைத்த இரும்பு) வாங்குவதானால் ஈ.டி.டி.ஏ. வகை காரத் தண்ணீரில் சீக்கிரம் பயனிழந்துவிடும், ஈ.டி.டி.எச்.ஏ. வகை விலை கூடுதல், ஆனால் அங்கே அதுதான் வேலை செய்யும்.

தூர் கறுத்து, தண்டு பிடுங்கினால் கையோடு வருகிறது

இதுதான் செடியைக் கொல்கிற கோளாறு. குருத்தை மெதுவாக இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் உருவி வரும். அடிப்பக்கம் பழுப்புக் கூழாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும்.

கோரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு போன்ற காற்றறைகள் தெரியும். தண்ணீருக்கு மேலே இருக்கிற தண்டு காற்றை வாங்கி இந்த அறைகள் வழியே கீழே வேருக்கு அனுப்புகிறது. சகதிக்குள் மூச்சே இல்லாத இடத்தில் வேர் உயிரோடு இருப்பது இதனால்தான். காய்ந்த தண்டுகூடக் கொஞ்ச காலம் புகைபோக்கி மாதிரி இந்த வேலையைச் செய்யும். எல்லாத் தண்டையும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றறைகளுக்குள் தண்ணீர் புகுந்து, வேர்க்கிழங்கு மூச்சுத் திணறி அழுகும். ஏரியில் சம்பை ஒழிக்க நினைப்பவர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான்: அடியில் வெட்டித் தண்ணீரை மேலே நிற்க விடுவது. "மொட்டையடித்தால் புதுசாய்த் துளிர்க்கும்" என்று தொட்டியில் செய்பவர்கள் அதே முறையைத் தங்கள் செடிக்கே செய்துவிடுகிறார்கள்.

ஆகவே வெட்டுவது எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். முழுக்க மொட்டையடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை மண் மட்டத்துக்குக் கீழே இறக்கி, புதுத் தண்டு ஒரு சாண் உயரம் வரும்வரை அப்படியே வையுங்கள்.

ஐப்பசி மழையில் பாத்தி நிரம்பி, பத்து நாள் வடியாமல் நின்றாலும் இதே விளைவு வரும். சிறு செடிகளின் குருத்து முழுதாக மூழ்கிவிடும். தொட்டியில் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே விரல் பருமனில் ஒரு வழிந்தோடும் துளை போட்டு வைத்தால் மழைக்காலத்தில் நிம்மதி.

மூன்றாவது காரணம் மண் கலவை. பச்சைச் சாணம், மக்காத எரு, தென்னைநார்த் துகள் இவை தண்ணீருக்கடியில் புளித்து, இருக்கிற கொஞ்ச நஞ்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும், நாற்றமும் அதிலிருந்துதான். தென்னைநார் மிதக்கவும் செய்யும். மாடித்தோட்டத்துக்கு வாங்கிய ரெடிமேட் கலவை இங்கே உதவாது. சரியான கலவை சாதாரணமானது: களிமண் பாங்கான தோட்ட மண் அல்லது வண்டல் 2 பங்கு, கழுவிய மணல் 1 பங்கு, மேலே 2 செ.மீ. கூழாங்கல். நன்றாக மக்கிய எரு பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதுவும் அடியில்.

காப்பாற்றும் வழி: செடியைத் தூக்கி, தூரைக் கழுவுங்கள். வேரைப் பாருங்கள். வெள்ளை வேர் நல்லது. துருப்பிடித்த மாதிரிச் செம்பழுப்புப் பூச்சு உள்ள வேரும் நல்லதுதான், அதை வெட்டிவிடாதீர்கள். வேரிலிருந்து கசிந்த காற்று மண்ணின் இரும்போடு சேர்ந்து உண்டான பூச்சு அது, வேர் மூச்சு விடுகிறது என்பதற்கு அடையாளம். கறுத்து வழுவழுக்கும் வேரையும், நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிற கிழங்கையும் வெட்டி எறியுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் இடம் வரும்வரை வெட்டுங்கள். மிச்சத்தை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் பாக்டீரியாத் தூள்) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, தூரின் தலை மண் மட்டத்தில் தெரிய நடுங்கள். இரண்டு வாரம் தண்ணீர் மண்ணுக்கு 2 செ.மீ. கீழேயே நிற்கட்டும். இரண்டு கணுவும் ஒரு குருத்தும் உள்ள ஒரு துண்டு மிஞ்சினாலே செடி திரும்பிவிடும்.

நேராக நிற்காமல் சாய்கிறது

எல்லாத் தண்டும் ஒரே திசையில் சாய்ந்தால் வெளிச்சப் பசி. பேப்பிரஸுக்கு 6 மணி நேர வெயில், குடைக்கோரைக்கு 4. எல்லாப் பக்கமும் விரிந்து விழுந்தால் தழைச்சத்து அதிகம். துவைக்கும் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சேர்ந்து வருகிற பாத்தியில் இது வழக்கம். உரத்தை நிறுத்திவிட்டு உட்பக்கத்து மெலிந்த தண்டுகளைக் கழியுங்கள். நடுவில் முறிந்து தலை தொங்கினால் காற்று. பேப்பிரஸின் குடை பெரிது, தண்டுக்குள் பஞ்சு போன்ற மெத்தென்ற சோறுதான். ஆடிக் காற்றில் திறந்த இடத்தில் நிற்காது. முறிந்ததை நிமிர்த்திக் கட்டுவது வீண் வேலை.

நடுவில் பொட்டல், ஓரத்தில் மட்டும் பச்சை

தூர் வெளிப்பக்கமாகவே நகரும் செடி இது. இரண்டு மூன்று ஆண்டில் நடுப்பகுதி கட்டையாகிவிடும். பங்குனி வெயில் ஏறுமுன் அல்லது ஆடியில் முதல் மழை கண்டபின் தூக்கி, பழைய ரம்பத்தால் நாலாக அறுத்து, ஓரத்துப் பகுதியை மட்டும் நடுங்கள். நடுக்கட்டை குப்பைக்கு.

வெட்டி வைத்த குடை வேர் விடவில்லை

குடைக்கோரை தலைகீழாக முளைக்கும் செடி. நட்ட தண்டு நேராக நின்றால் ஒன்றும் வராது. முற்றவும் ஆகாத, பிஞ்சாகவும் இல்லாத குடையை 4 செ.மீ. காம்போடு வெட்டி, விரல்களைப் பாதியாகக் கத்தரித்து, காம்பு மேலே தெரியும்படி கவிழ்த்து, தண்ணீரில் மிதக்க விடுங்கள் அல்லது ஈர மணலில் குடையின் நடு புதையும்படி அழுத்துங்கள். விரல்கள் கூடுகிற அந்த நடுப்புள்ளியிலிருந்துதான் கன்றும் வேரும் வரும், இரண்டு மூன்று வாரத்தில். மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் அழுகும். பேப்பிரஸில் இந்த வித்தையை நம்ப வேண்டாம். தூர் பிரிப்பதுதான் உறுதி.

கொசுப் புழு நெளிகிறது

வீட்டில் மற்றவர்கள் இந்தச் செடியை வெறுக்க முதல் காரணம். மீன் விடக்கூடிய அளவுத் தொட்டியானால் நாலைந்து கப்பி மீன் போதும். உணவு போடாதீர்கள், போட்டால் புழுவைத் தேடாது. மீனை ஏரி குளங்களில் கொண்டுபோய் விட வேண்டாம். சிறிய தொட்டியானால் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாதபடி கூழாங்கல்லை நிரப்பி, தண்ணீர் மட்டத்தைக் கல்லுக்கு 3 செ.மீ. கீழே நிறுத்துங்கள், கொசு முட்டையிட இடமில்லை, செடிக்கு ஈரம் குறைவில்லை. இதற்கு மிஞ்சிய எளிய வழி கிடையாது. இரண்டும் முடியாதென்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து, பொட்டலத்தில் உள்ள அளவுப்படி. மீனுக்கும் செடிக்கும் அது கெடுதல் செய்யாது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதைவிட, மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிவைக்கும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மட்டம் ஏறியதும் பொரியும். தண்ணீரைக் கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்க்க வேண்டும்.

தண்ணீர் பச்சைக் குழம்பாகிறது

உரம் மண்ணிலிருந்து கசிகிறது, மேலே வெயில் நேரடியாக விழுகிறது. உரத்தை நிறுத்துங்கள், கூழாங்கல் போடுங்கள், தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் நிழல் விழச் செய்யுங்கள். தண்ணீரை முழுக்க மாற்றினால் நான்கு நாளில் மறுபடி பச்சையாகும். பாதி மாற்றிப் பொறுத்திருப்பதே மேல்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, கடித்த தழும்பு

குடையின் நடுவில் மாவுப்பூச்சி, குருத்தில் அசுவினி, கோடையில் நுண்ணிய புள்ளியாகச் செம்பேன். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். மீன் உள்ள தொட்டியானால் செடியை அது நட்ட சட்டியோடு வெளியே எடுத்துத் தெளித்து, அடுத்த நாள் கழுவி உள்ளே வையுங்கள். இமிடாகுளோபிரிட் போன்ற ரசாயனப் பூச்சிக்கொல்லிகளைத் தண்ணீரோரம் கொண்டுவரவே வேண்டாம்.

குருத்து நுனி மழுங்க மேயப்பட்டிருந்தால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தையானால் கையுறை போட்டுப் பொறுக்க வேண்டியதுதான். உப்புத் தூவாதீர்கள், மேலே சொன்ன நுனிக் கருகலுக்குத் திரும்பிப் போவீர்கள். விரல்கள் கந்தலாக, ஒழுங்கற்று கிழிந்திருந்தால் குற்றவாளி பூனை. குடைக்கோரை பூனைக்குப் பிரியமான புல். தின்று கக்கும், விஷமில்லை. ஒரு தொட்டியைப் பூனைக்கென்றே விட்டுக்கொடுப்பது சமாதானமான தீர்வு.

அடங்காமல் பரவுகிறது

இதைக் கோளாறு என்று யாரும் முதல் ஆண்டில் சொல்வதில்லை.

சம்பும் ஹார்ஸ்டெயிலும் தரையில் நேரடியாக நடக் கூடாதவை. சம்பின் கிழங்கு முனை கூர்மையானது, மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைத் துளைத்துக்கொண்டு போகும். ஒரு கதிரில் லட்சத்துக்கு மேல் விதை இருக்கிறது. கதிர் பழுப்பாகிப் பஞ்சு பறக்குமுன் வெட்டிப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஹார்ஸ்டெயில் பூமிக்குள் ஆழமாகப் போகும். தோண்டும்போது உடைகிற ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. அதன் மேல்தோலில் மணல்சத்து படிந்திருப்பதால் களைக்கொல்லி ஒட்டாது, ஆகவே மருந்தடித்து ஒழிக்கும் எண்ணத்தை விடுங்கள்.

200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்து, துளையில்லாத அடிப்பக்கத்தை விளிம்பு 5 செ.மீ. மேலே தெரியப் புதைத்து, அதற்குள் நடுவதே சரி. மாதம் ஒருமுறை விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, தாண்டி வருகிற கிழங்கை நறுக்குங்கள். ஏற்கெனவே தரையில் பரவிவிட்டதென்றால் சம்புக்கு மேலே சொன்ன அடிவெட்டு முறை: மண்ணோடு வெட்டி, 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, துளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள். ஹார்ஸ்டெயிலுக்கு அது முடியாது. வருகிற முளையை வாரம் தவறாமல் ஒடித்து, ஓர் ஆண்டு முழுக்கக் கிழங்கைப் பட்டினி போட வேண்டும்.

வெட்டியதை ஓடையிலோ ஏரிக்கரையிலோ கொட்ட வேண்டாம். ஊர் ஏரிகளைச் சம்பு மூடிக் கிடப்பது போதாதென்று நாமும் சேர்க்க வேண்டுமா? வெயிலில் முறுகக் காயவைத்து மூடாக்காகப் போடுங்கள்.

பரவுவது நீங்கள் நட்ட கோரைதானா என்பதையும் பாருங்கள். நர்சரிப் பையோடு களைக்கோரை கூடவே வருவது சாதாரணம். வளர்ந்த குடைக்கோரைக்கு அடியில் இலை இருக்காது, பழுப்பு உறை மட்டும் இருக்கும். அடியிலிருந்து புல் மாதிரித் தழை கிளம்பி, தோண்டினால் நூலில் கோத்த மணி போலக் கறுத்த கிழங்குகள் வந்து, நசுக்கினால் நாட்டு மருந்துக்கடை வாசம் அடித்தால் அது முத்தக்காசு. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கும். தொட்டி மண் முழுவதையும் கொட்டி, சலித்து, நல்ல செடியின் வேரைக் கழுவி, புது மண்ணில் நடுங்கள்.

தண்ணீர் விட்டும் ஈரம் நிற்கவில்லை

செம்மண், மணற்பாங்கு நிலத்தில் "ஈர மூலை" மழைக்காலத்தில் மட்டும்தான் ஈரம். 40 செ.மீ. ஆழம் தோண்டி, கல் முள் நீக்கி, 2 செ.மீ. மணல் பரப்பி, அசோலா தொட்டிக்கு விரிக்கிற சில்பாலின் தாளை 250 ஜி.எஸ்.எம். கனத்தில் போடுங்கள். தாளின் ஓரம் மண் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழேயே முடியட்டும், அதிகத் தண்ணீர் அதற்கு மேலே பக்கவாட்டில் வடிந்துவிடும். அடியில் துளை வேண்டாம். சுவரிலிருந்தும் தரைமட்டத் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

வீட்டுக் கழிவுநீரை இதற்குத் திருப்புவதானால் குளிக்கிற தண்ணீர் நல்லது, துணி அலசிய கடைசித் தண்ணீர் பரவாயில்லை. முதல் சோப்புத் தண்ணீரில் சோடியம் அதிகம்; பிளீச்சிங் பவுடர் கலந்தது அறவே கூடாது. சமையலறைத் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் ஒரு சிறு தொட்டி வழியாக வர வேண்டும், இல்லாவிட்டால் கூழாங்கல் மேல் கொழுப்பு படிந்து பாத்தி மூச்சடைத்துவிடும்.

சுருள் ஜன்கஸ் நேராகிறது, பிறகு காய்கிறது

முறுக்கு தளர்வது வெளிச்சம் போதாததால். காய்வது ஊரால். இது குளிர் நாட்டுச் செடி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஈர மண்ணில் நன்றாக நிற்கும். சமவெளியில் ஐப்பசியில் வாங்கினால் மாசி வரை அழகு காட்டும். சித்திரையில் எந்தத் தண்ணீரும் உரமும் அதைக் காப்பாற்றாது. கிழக்கு வெயில் மட்டும் படுகிற இடத்தில், தண்ணீரை வாரத்துக்கு இருமுறை மாற்றி வைத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் அந்த இடத்தில் குட்டை பேப்பிரஸ் வையுங்கள்.